மின்தசையும் எண்ணெயழுத்தமும்

அறிவியற் கதையில் வரும் இயந்திரத்தைக் குறித்துத் திறனாய்வாளர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது எவ்வளவு பெரியது என்பதன்று. எவ்வளவு விரைந்து ஓடுகிறது என்பதுமன்று. அதன் கையை நீட்டவும் மடக்கவும் வேண்டிய வலிமை எங்கிருந்து வருகிறது என்பதே அக்கேள்வி. பழங்கதைகளில் இதற்கு இடமில்லை. கம்பளம் பறந்தது என்றால் பறந்ததுதான். ஏன் பறந்தது என்று கேட்பவர் கதை கேட்கும் இன்பத்தை இழந்தவர் ஆவார். அறிவியற் கதையோ அந்தச் சலுகையைத் தானே துறந்து வந்த இலக்கிய வகை. 'இது நடக்கக்கூடியது' என்று படிப்போரிடம் வாக்குக் கொடுத்துவிட்டே அது தொடங்குகிறது. கொடுத்த வாக்கை அது காப்பாற்றுகிறதா என்று பார்ப்பது திறனாய்வின் கடமை.

தமிழ் வகுப்புகளில் இன்று மாணவர் அறிவியற் கதைகளைப் படிக்கின்றனர், தாமும் எழுதுகின்றனர். அக்கதைகளிற் பலவற்றில் மந்திரத்தின் இடத்தை மின்சாரம் என்ற சொல் பிடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். பொத்தானை அழுத்தியதும் இயந்திர மனிதன் பாறையைத் தூக்குகிறான். எப்படி என்றால், மின்சாரத்தால் என்பதே விடை. சொல் புதிது, பொருள் பழைய மந்திரக்கோலே. இந்தக் குறை இளைஞர் எழுத்துக்கு மட்டும் உரியதன்று. இவ்வகையின் முன்னோடிகளான இருவரிடமே இதன் வேரையும் காணலாம், இதற்கான மருந்தையும் காணலாம். ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். மற்றவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். இருவர் காலத்திலும் துறைமுகங்களில் பெரும்பாரம் தூக்கியது நீரின் அழுத்தம். இருவரும் தம் கற்பனை இயந்திரங்களுக்கு அதை வேண்டாம் என்று விட்டு மின்சாரத்தைக் கொடுத்தனர். அந்தத் தேர்வு சரியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடோக் தரும் அளவுகோல்

கற்பனை இயந்திரத்தை அளக்க உண்மை இயந்திரம் வேண்டும். அதற்குத் தொலைவில் உள்ள நாடுகளைத் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிழக்கே பிடோக் என்னும் வட்டாரமே போதும். ஏனெனில் அதன் நிலமே இயந்திரங்களால் ஆனது. 1966ஆம் ஆண்டு தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புத் திட்டம் ஏழு கட்டங்களாக 1985 வரை நடந்து, 1,525 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து எடுத்துத் தந்தது. அதன் தொடக்கக் கட்டங்களுக்கு வேண்டிய மண் சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி எடுக்கப்பட்டது. வாளிகள் பூட்டிய பெருஞ்சக்கரங்கள் சுழன்று குன்றைச் சுரண்டின. சுரண்டிய மண்ணை நீண்ட ஓடும் பட்டைகள் கடற்கரைக்குக் கொண்டு சென்றன. 1973இல் எழத் தொடங்கிய பிடோக் புதுநகரும், மக்கள் மாலையில் உலாவும் கிழக்குக் கரைப் பூங்காவும் அந்த உழைப்பின் பயன்கள். மணல் தோண்டிய குழியாக இருந்த இடம் 1980களில் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று.

இத்தகைய வேலையில் இருவகை இயக்கங்களைப் பிரித்தறியலாம். ஓயாமல் ஒரே திசையில் ஓடும் பட்டையை இழுப்பது ஒன்று. அதற்கு மின்சார மோட்டாரே ஏற்றது; சுழல்வதே அதன் இயல்பு. மண்ணில் பல்லை ஊன்றி, மெல்ல அழுத்தி, பாரத்தோடு நின்று, மீண்டும் அழுத்துவது மற்றொன்று. அதற்கு இன்றைய மண்தோண்டும் இயந்திரங்களில் எண்ணெயழுத்தமே பயன்படுகிறது. அடுக்குமாடி வீட்டில் மேலும் கீழும் போய்வரும் மின்தூக்கியை மோட்டாரும் கம்பிவடமும் இழுக்கின்றன. அதே கட்டடத்தின் கீழே குப்பை வண்டியில் குப்பையை நசுக்கும் தகட்டை எண்ணெய் தள்ளுகிறது. உயரம் மிகுந்து, ஓட்டம் தொடர்ந்தால் மின்சாரம். தூரம் சிறிதாய், பாரம் பெரிதாய் இருந்தால் எண்ணெய். பிடோக் வாசி ஒருவர் நாள்தோறும் கண்ணாற் காணும் பாகுபாடு இது.

நிலத்துக்கு அடியிலும் இதே பாகுபாடுதான். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பேஷோர் நிலையம் வரை திறக்கப்பட்ட தாம்சன் கிழக்குக் கரை இரயில் பாதைக்காகச் சுரங்கம் துளைக்கும் இயந்திரங்கள் பயன்பட்டன. அவ்வகை இயந்திரத்தின் முகத்தில் மண்ணை அறுத்துச் சுழலும் வட்டத் தலையை இக்காலத்தில் பெரும்பாலும் மின்மோட்டார்கள் சுழற்றுகின்றன. ஆனால் அந்தத் தலையை மண்ணுக்கு எதிராக முன்னே தள்ளுவன எண்ணெயழுத்தத் தண்டுகள். பின்னால் கட்டி முடித்த கான்கிரீட் வளையத்தில் அவை காலை ஊன்றிக்கொண்டு தள்ளுகின்றன. அறுப்பது மின்சாரம், தாங்கித் தள்ளுவது எண்ணெய். இவ்விரண்டில் ஒன்று இல்லையேல் சுரங்கம் இல்லை.

தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு எளிதாகவே விளங்கும். மலேசிய எண்ணெய்ப்பனை ஆலைகளில் முற்காலத்தில் பழத்தை நீரழுத்த அழுத்தியில் இட்டுப் பிழிந்தனர். ஒவ்வொரு முறையும் நிரப்பி, அழுத்தி, வெளியேற்ற வேண்டும். பின்னர் இடைவிடாமல் பிழியும் திருகு அழுத்தி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. மின்மோட்டார் பற்சக்கரங்களின் வழியே திருகைச் சுழற்றுகிறது. மின்சாரம் வென்றுவிட்டது என்று முடிவு கட்டலாமா? அந்தத் திருகின் முனையில் சக்கை வெளியேறும் வாயை ஒரு கூம்பு அடைத்து நிற்கிறது. அதைப் பின்னாலிருந்து அழுத்தி நிறுத்துவது எண்ணெயழுத்தம். அது தளர்ந்தால் சக்கையோடு எண்ணெயும் போய்விடும். தோற்றதாகக் கருதப்பட்ட வலிமை வாயிலிற் காவலாய் நிற்கிறது.

நீரின் வலிமை

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. ஆகவே சிறிய பிஸ்டனில் கொடுத்த சிறு விசை, நூறு மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனில் நூறு மடங்கு விசையாகிறது. ஆனால் பெரியது நூறில் ஒரு பங்கு தூரமே நகரும். இயற்கை கடன் கொடுக்கும், தள்ளுபடி செய்யாது. இந்த விதியைக் கொண்டு 1795இல் ஜோசப் பிராமா நீரழுத்த அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். 1846இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசில் படகுத்துறையில் நகரக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தாலேயே இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். குழாயின் அழுத்தம் போதாத இடங்களுக்காக, பெரும் எடையை நீரின்மேல் ஏற்றி அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பையும் அவரே உருவாக்கினார்.

அந்நாளில் இஃது ஒரு பொறியாளரின் விளையாட்டாக நின்றுவிடவில்லை. நகரத்தின் வாழ்வாகவே ஆயிற்று. லண்டனில் 1883 முதல் ஒரு நிறுவனம் தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, அழுத்தம் ஏற்றிய நீரை விலைக்கு விற்றது. பாரந்தூக்கிகளையும் மின்தூக்கிக்கு முந்திய ஏற்றப் பெட்டிகளையும் நாடகமேடைத் திரைகளையும் அந்த நீர் இயக்கியது. 1977இல்தான் அது மூடப்பட்டது. 1894இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் இரு கைகளையும் நீராவியால் அழுத்தம் ஏற்றிய நீரே தூக்கியது. 1976இல் அது மாற்றி அமைக்கப்பட்டபோது நடந்தது கவனிக்கத் தக்கது. நீராவி போய் மின்சாரம் வந்தது. நீர் போய் எண்ணெய் வந்தது. அழுத்தம் மட்டும் போகவில்லை. மின்மோட்டார் பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயை அழுத்த, எண்ணெய் பாலத்தைத் தூக்கிற்று. மின்சாரமும் நீரழுத்தமும் பகைவர் என்னும் எண்ணம் கதைகளில் இருக்கலாம்; பட்டறையில் இல்லை.

வெர்னின் கணக்கு

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு கதைகளுக்கு வருவோம். 1870இல் நிறைவுற்ற 'கடலுக்கடியில் இருபதாயிரம் காதம்' என்னும் நாவலில் கேப்டன் நெமோவின் நாட்டிலஸ் கப்பல் முழுக்க முழுக்க மின்சாரத்தால் இயங்குகிறது. விளக்கு, சமையல், பம்பு, சுழல்விசிறி அனைத்தும் மின்சாரமே. வெர்ன் இதை வெறுஞ்சொல்லாக விடவில்லை. மின்கலத்துக்கு வேண்டிய சோடியத்தைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுப்பதாக நெமோ கூறுகிறான். கூரிய படிப்பாளர் உடனே கேட்பார்: உப்பிலிருந்து சோடியத்தைப் பிரிக்கவும் ஆற்றல் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? பல அத்தியாயங்களுக்குப் பின் அதற்கும் விடை வருகிறது. அணைந்துபோன எரிமலை ஒன்றின் உள்ளே கடலுக்கடியில் நிலக்கரி வெட்டுகிறார்கள். அதை எரித்தே சோடியம் எடுக்கிறார்கள்.

இந்த இடம் வெர்னின் கலைத்திறனுக்குச் சான்று. மின்சாரம் தானே பிறப்பதன்று, வேறொன்றை எரித்துப் பெறுவது என்ற கணக்கை அவர் ஒப்புக்கொள்கிறார். அதனோடு அக்கணக்கையே பாத்திரப் படைப்பாக்கிவிடுகிறார். நெமோ நிலத்தோடு உறவறுத்தவன். நிலத்தார் வெட்டிய கரியை வாங்கினால் அவன் சபதம் பொய்யாகும். ஆகவே கரியும் கடலுக்கடியிலேயே கிடைக்கிறது. ஆற்றல் பிறக்கும் இடத்தைச் சொன்னதனால் மனிதனின் உள்ளமும் புலப்படுகிறது. பொறியியற் செய்தி கதைக்குப் பாரம் என்று கூறுவோர் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆனால் வெர்ன் ஓரிடத்தில் நழுவுகிறார். மின்சாரத்தின் பிறப்பைச் சொன்ன அவர் அதன் உழைப்பை விரிவாகச் சொல்லவில்லை. அவர் காலத்து மின்காந்த எந்திரங்கள் எடைக்கு ஏற்ற வலிமை அற்றவை. நெமோவின் எந்திரம் அவற்றினும் மேம்பட்டது என்று கூறிக் கதை அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறது. ஆற்றல் எங்கே பிறந்தது என்ற முதற் கேள்விக்கு வெர்ன் முழு மதிப்பெண் பெறுகிறார். அது எவ்வாறு உறுப்பில் விசையாகிறது என்ற இரண்டாம் கேள்வியை வெல்ஸுக்கு விட்டுச் செல்கிறார்.

வெல்ஸின் தசை

வெல்ஸ் ஆசிரியராக இருந்தவர். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். உயிரியற் பாடநூல் எழுதியவர். 1898இல் நூலாக வந்த 'உலகங்களின் போர்' என்னும் கதையில் செவ்வாய்க் கோளினர் மூன்று காலுள்ள பேரியந்திரங்களில் ஏறி இங்கிலாந்தை அழிக்கின்றனர். அவ்வியந்திரங்களில் சக்கரமே இல்லை என்று வெல்ஸ் குறிக்கிறார். உறுப்புகளை அசைப்பது ஒருவகைப் போலித் தசை. நெகிழும் உறையினுள் தட்டுகள் வரிசையாக உள்ளன, மின்சாரம் பாய்ந்ததும் அவை ஒன்றையொன்று வலிமையுடன் ஈர்த்து நெருங்குகின்றன, உறை சுருங்குகிறது, கை மடங்குகிறது.

கதைக்கலை நோக்கில் இது சிறந்த தேர்வு. நீரழுத்தப் பாரந்தூக்கி அன்றைய ஆங்கிலேயர் துறைமுகந்தோறும் கண்ட பொருள். செவ்வாய்க் கோளினருக்கு அதைக் கொடுத்திருந்தால் அவர்கள் துறைமுகக் கூலியாட்களைப் போலத் தோன்றியிருப்பார்கள், அச்சம் தோன்றியிராது. வெல்ஸின் செவ்வாயினர் உடல் தேய்ந்து மூளையும் கையுமாக எஞ்சியவர்கள். இயந்திரங்களையே உடலாக அணிந்துகொள்பவர்கள். அவர்கள் அணியும் உடலுக்குத் தசை இருப்பதே பொருத்தம். உயிரியல் கற்றவரின் கை அங்கே தெரிகிறது. இயந்திரத்துக்கும் விலங்குக்கும் இடையே உள்ள கோடு அழிவதுதான் அக்கதையின் திகில். அதை அந்தத் தட்டுகள் அழிக்கின்றன.

வலிமையின் கணக்கோ வேறு. இரும்பு ஏற்கக்கூடிய காந்தப்புலத்துக்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 2 டெஸ்லாவில் அது நிறைவெய்திவிடுகிறது. அந்த நிலையில் ஒட்டி நிற்கும் இரு காந்தப் பரப்புகளுக்கிடையே உள்ள ஈர்ப்பு, சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோகிராம் எடைக்குச் சமம். தட்டுகள் சற்றே விலகினாலும் அது விரைந்து குறையும். இன்றைய மண்தோண்டும் இயந்திரத்தின் எண்ணெயோ சதுர செண்டிமீட்டருக்கு 350 கிலோகிராம் வரை அழுத்துகிறது. உள்ளங்கை அளவான 100 சதுர செண்டிமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டால், காந்தத் தட்டு மிகச் சிறந்த நிலையில் 1,600 கிலோகிராம் இழுக்கும். எண்ணெய் 35,000 கிலோகிராம் தள்ளும். இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. காந்தத்தை விட்டு, மின்னேற்றத்தால் ஈர்க்கும் தட்டுகள் என்று வைத்துக்கொண்டாலும் பயன் இல்லை. காற்று தாங்கும் மின்னழுத்தத்துக்குள் நின்றால் அந்த ஈர்ப்பு இன்னும் மிகச் சிறிது.

அப்படியாயின் மின்மோட்டார் எவ்வாறு பாரம் தூக்குகிறது? விரைவினால். தன்னிடம் உள்ள சிறு விசையை மிக வேகமாகச் சுழற்றி, பற்சக்கரங்களால் அவ்வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கிக்கொள்கிறது. பிஸ்டன் பரப்பினாற் பெறுவதை மோட்டார் பற்சக்கரத்தாற் பெறுகிறது. வெல்ஸ் தம் இயந்திரங்களில் சக்கரத்தையே விலக்கிவிட்டார். எனவே மின்சாரம் தன் பலவீனத்தை ஈடுசெய்யும் ஒரே வழியையும் தாமே அடைத்துவிட்டார். மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. இரண்டாம் கேள்விக்கு அழகிய விடையும், முதற் கேள்விக்கு மௌனமும் தந்தவர் வெல்ஸ்.

தூக்குதலும் தாங்குதலும்

மூன்றாவது கேள்வி ஒன்று உள்ளது. இருவரும் கேட்காதது, பெரும்பாலான கதைகள் கேட்காதது. தூக்கிய பாரத்தை இயந்திரம் எவ்வாறு தாங்கி நிற்கிறது?

கதைகளில் இயந்திரம் தூக்கும், எறியும், உடைக்கும். தாங்கி நிற்பது அரிது. பட்டறையிலோ தாங்குவதே பெரிய வேலை. எண்ணெயழுத்தத்தில் வழித்திறப்பை மூடிவிட்டால் போதும். உருளைக்குள் அகப்பட்ட எண்ணெய் மேலும் ஆற்றல் கேளாமல் பாரத்தைத் தாங்கும். சுழலாமல் நின்றபடி பாரத்தை எதிர்க்கும் மோட்டாருக்கோ இடைவிடாமல் மின்னோட்டம் வேண்டும்; செய்யும் வேலை ஏதுமின்றியே அது சூடேறும். அதற்காகவே தடைக்கட்டையும் தன்னைத்தான் பூட்டிக்கொள்ளும் திருகும் சேர்க்கின்றனர். மின்தூக்கி தளத்தில் நிற்கும்போது அதை நிறுத்திப் பிடிப்பது தடைக்கட்டையே. கற்பனை மின்னியந்திரங்களில் இந்தத் தடைக்கட்டை எங்கும் காணப்படுவதில்லை. இராட்சதன் மலையைத் தலைக்குமேல் தூக்கி நின்று நீண்ட வசனம் பேசுகிறான். அவன் தோள் சூடேறுவதில்லை.

மறுப்பும் விடையும்

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். காலம் வெல்ஸின் பக்கமே சென்றுவிட்டதே என்று கூறலாம். அமெரிக்காவின் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 2013இல் உலகுக்குக் காட்டிய அட்லஸ் என்னும் மனித உருவ இயந்திரம் எண்ணெயழுத்தத்தால் இயங்கியது. ஓடியது, தாவியது, பின்புறமாகக் குட்டிக்கரணமும் போட்டது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் அதற்கு ஓய்வு கொடுத்து, முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் புதிய அட்லஸை அறிவித்தது. எண்ணெய் கசியும், பம்பு இரைச்சலிடும், வழித்திறப்புகளில் நெருக்குண்டு ஆற்றல் வெப்பமாக வீணாகும். வீட்டிலும் தொழிற்சாலையிலும் மனிதர் அருகே நடமாடும் இயந்திரத்துக்கு இவை பெருங்குறைகள். இம்மறுப்பில் உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

எனினும் புதிய அட்லஸ் வென்றது வெல்ஸின் தட்டுகளால் அன்று. அவர் விலக்கிய சுழற்சியால் வென்றது. அதன் மூட்டுகளில் இருப்பவை மோட்டார்கள். மேலும், அது தூக்க வேண்டியது மனிதர் தூக்கும் அளவான பாரம். பாரம் பெருகும்போது நிலைமை மாறுகிறது. 1965இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மனிதர் அணிந்துகொள்ளத்தக்க ஹார்டிமன் என்னும் இயந்திர உடலைச் செய்யத் தொடங்கியது. 680 கிலோகிராம் தூக்குவது இலக்கு. அத்தகைய வலிமைக்கு அன்று எண்ணெயழுத்தத்தையே நாடினர். இயந்திரத்தின் எடையும் 680 கிலோகிராம் ஆயிற்று. எல்லா உறுப்புகளையும் ஒருங்கே இயக்க முயன்றபோது அது கட்டுக்கடங்காமல் குதறியது. இறுதியில் ஒரு கை மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது. எண்ணெயிடம் வலிமை இருந்தது. அந்த வலிமைக்கு நரம்பாக நின்று ஆள வேண்டிய கட்டுப்பாடு அன்று இல்லை. கதைகளில் இயந்திர உடலை அணிந்தவன் மறுநொடியே ஓடுகிறான்; உண்மையில் அணிந்தவனுக்கே அது பகையாகக்கூடும்.

இவை எல்லாவற்றினும் சுவையான செய்தி 2018இல் வெளிவந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக ஆய்வாளர்கள் செயற்கைத் தசை ஒன்றைச் செய்து காட்டினர். மெல்லிய நெகிழ்பையில் மின்கடத்தா எண்ணெயை நிரப்பி, அதன் இருபுறமும் மின்கடத்தும் படலங்களை ஒட்டினர். உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் படலங்கள் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்குகின்றன. இடையில் உள்ள எண்ணெய் பிதுங்கி மறுபக்கம் ஓடுகிறது, பை உருமாறுகிறது, தசை சுருங்குகிறது. மின்சாரம் பாய்ந்ததும் நெருங்கும் தட்டுகள் என்ற வெல்ஸின் கனவு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று. ஆனால் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயைக் குடியேற்றிய பிறகே அது மெய்யாயிற்று. அவர் வாசலுக்கு வெளியே நிறுத்திய நீர்மம் உள்ளே வந்து அவர் கற்பனையை நிறைவேற்றிக் கொடுத்தது எனலாம்.

தமிழில் வேண்டுவது

தமிழில் இவ்வகை இலக்கியத்துக்கு நிலையான இடம் தேடித் தந்தவர் சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்தார். ஜீனோ பாறையைப் பெயர்ப்பதால் நினைவில் நிற்பதில்லை. படிப்பதாலும் பேசுவதாலும் சிந்திப்பதாலும் நிற்கிறது. தம் இயந்திரத்தின் பெருமையைத் தசையில் வையாமல் அறிவில் வைத்தது பொறியாளரின் நுட்பம். விடை கூற முடியாத கேள்வி எழாதபடி கதையை அமைப்பதும் ஒரு நேர்மையே. அவரைப் பின்பற்றியோர் பலர் இந்த அடக்கத்தை விட்டுவிட்டு, பேசும் நாயின் இடத்தில் மலை தூக்கும் இராட்சதனை வைத்தனர். அங்கேதான் மின்சாரம் மந்திரமாயிற்று.

இலக்கியத்தைப் பொறியியற் பாடமாக்குவதா என்று தமிழாசிரியர் சிலர் தயங்கக்கூடும். அதற்கு வெர்னும் வெல்ஸுமே விடை. ஆற்றலின் பிறப்பைச் சொன்ன இடத்தில் நெமோவின் தனிமை வெளிப்பட்டது. உறுப்பின் அமைப்பைச் சொன்ன இடத்தில் செவ்வாயினரின் பயங்கரம் வெளிப்பட்டது. கணக்கு வந்த இடங்களிலெல்லாம் கதை ஆழமாகியிருக்கிறது. கணக்கு விடுபட்ட இடங்களில் மெலிந்திருக்கிறது. ஆகவே இது பொறியியலைக் கதைக்குள் திணிப்பதன்று. கதைக்கு முதுகெலும்பு கேட்பது.

வகுப்பில் அறிவியற் கதை ஒன்றை எடுக்கும் ஆசிரியர் மூன்று கேள்விகளை மாணவர் முன் வைக்கலாம். இந்த வலிமை எங்கே பிறக்கிறது? எதன் வழியே உறுப்புக்கு வருகிறது? பாரத்தோடு நிற்கும்போது அதைத் தாங்குவது எது? பிடோக் மாணவருக்கு விடை தேடச் சோதனைச்சாலை வேண்டா. வீட்டருகே குப்பை வண்டி நிற்கும்; மின்தூக்கி ஓடும்; கட்டடம் எழும் இடத்தில் தூணை நிலத்துள் அமிழ்த்தும் எண்ணெயழுத்த இயந்திரம், பழைய சம்மட்டி இயந்திரத்தின் பேரோசை இல்லாமல், வேலை செய்யும். அவற்றைப் பார்த்த கண்ணோடு கதையைப் படிக்கும் மாணவன் நல்ல கதைக்கும் போலிக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே உணர்வான். எழுதும்போதும் தன் இராட்சதனின் தோள் ஏன் சூடேறவில்லை என்று ஒருமுறை நின்று எண்ணுவான்.

இருவரையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவதாயின் இவ்வாறு கூறலாம். வெர்ன் மின்சாரத்தின் கடனை ஒப்புக்கொண்டார். வெல்ஸ் அதற்கு உருவம் கொடுத்தார். இருவரும் முன்னோடிகள் என்னும் பெயருக்குத் தகுதியுடையவரே. தூக்கும் இயந்திரத்தை இருவருமே படைத்தனர். தாங்கும் இயந்திரத்தைப் படைக்கவில்லை. குன்றைக் கடலாகவும் கடலை நிலமாகவும் மாற்றிய ஊரில் வாழும் தமிழ் எழுத்தாளர்களுக்கு அந்த இடம் இன்னும் வெறிதாகக் கிடக்கிறது. பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் இயந்திரத்தின் கதையை, அதன் வெப்பத்தோடும் கசிவோடும் இரைச்சலோடும் எழுதுபவர் தமிழுக்குப் புதியது ஒன்றைத் தந்தவராவார்.